நிலக்கடலைத் துண்டும் எள்ளுத் துண்டும்: ஒரே மண்ணில் இரு களைக்கூட்டங்களை அளந்து பார்த்த பதிவு

ஒரே வரப்பின் இரு பக்கங்களில் இரண்டு துண்டு நிலங்கள். ஒன்றில் நிலக்கடலையும் மற்றொன்றில் எள்ளும் நான்கு பருவங்களாக இடம் மாறாமல் பயிராகி வந்தன. மண்ணும் நீரும் இரண்டுக்கும் பொதுவானவை. எருவும் ஒரே குப்பைக்குழியிலிருந்து வந்தது. அப்படியிருந்தும், நிலக்கடலைத் துண்டில் கோரையும் கானாவாழையும் பண்ணைக்கீரையும் ஓங்கி நின்றன. எள்ளுத் துண்டிலோ பருப்புக்கீரை, குப்பைக்கீரை, சாரணை ஆகிய மூன்றும் தரையை மூடின. இவற்றைப் பிரித்தது பயிரா, அல்லது அந்தப் பயிருக்காக நான் மண்ணில் செய்யும் வேலையா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது. களையெடுக்கும் ஆள்கூலியைக் குறைப்பதற்கு முன், எந்தக் களை, எங்கிருந்து, எப்போது வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு பருவம் முழுவதும் எண்ணியும் தோண்டியும் முளைக்கவைத்தும் பார்த்தேன்.

எண்ணும் சட்டம்

களைகளை எண்ணுவதற்கு முதலில் தேவைப்பட்டது ஒரு சதுரச் சட்டம். பிவிசி குழாயை அறுத்து, நான்கு மூலைகளிலும் முழங்கை இணைப்புகளைப் பொருத்தி, உள்ளளவு 50 செ.மீ. இருக்குமாறு ஒன்றைச் செய்தேன். முழங்கை இணைப்பும் சிறிது நீளத்தைக் கூட்டும் என்பதால், குழாயை 50 செ.மீ.க்கு வெட்டிவிட்டால் சட்டம் பெரிதாகிவிடும். பொருத்திய பின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்து சரிசெய்ய வேண்டும். இதுவரை எளிதாகவே இருந்தது. சிக்கல் வயலில் வைத்தபோதுதான் தெரிந்தது.

நிலக்கடலையின் வரிசை இடைவெளி 30 செ.மீ. ஆதலால், 50 செ.மீ. அகலச் சட்டத்தைக் குறுக்கே வைத்தால் சில இடங்களில் இரண்டு பயிர்வரிசைகளும் சில இடங்களில் ஒரே வரிசையும் உள்ளே அகப்பட்டன. வரிசைக்குள் முளைக்கும் களையும் இரு வரிசைகளுக்கு நடுவே முளைக்கும் களையும் ஒன்றல்ல. நடுவில் உள்ளவை கொத்தின் வாயில் முதலில் விழுகின்றன, செடியை ஒட்டி நிற்பவை தப்பிவிடுகின்றன. எனவே வரிசையும் இடைவெளியும் எப்போதும் ஒரே விகிதத்தில் உள்ளே வருமாறு சட்டம் இருந்தாக வேண்டும். முதல் வாரத்து எண்ணிக்கையை முழுவதும் ஒதுக்கிவிட்டு, வரிசைக்குக் குறுக்கே 60 செ.மீ., வரிசையின் போக்கில் 40 செ.மீ. அளவில் புதிய சட்டம் செய்தேன். 60 செ.மீ. என்பது இரண்டு வரிசை இடைவெளிக்குச் சரியாக இருப்பதால், சட்டத்தை எங்கே வைத்தாலும் இரண்டு வரிசைகளின் பங்கு உள்ளே வந்துவிடுகிறது. பரப்பு 0.24 சதுர மீட்டர், எண்ணிக்கையை 0.24 ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை என்பது கிடைக்கும். பயிர் வளர்ந்த பிறகு மேலிருந்து சட்டத்தை இறக்கினால் கிளைகள் முறிகின்றன. ஆகவே 40 செ.மீ. பக்கம் ஒன்றைக் கழற்றக்கூடியதாக விட்டு, மூன்று பக்கச் சட்டத்தைத் தரையோடு செருகி, பின் நான்காவது பக்கத்தை மாட்டிக்கொண்டேன்.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதை என் கண்ணுக்கு விடக் கூடாது என்பதும் விரைவில் விளங்கியது. தோளுக்குப் பின்னால் எறிந்து, விழுந்த இடத்தில் எண்ணலாம் என்று பலரும் செய்வதைப் போல நானும் தொடங்கினேன். ஆனால் அடர்ந்த களைப்பக்கம் திரும்பி நின்றே எறிகிறேன் என்பதை மூன்றாவது எறிதலில் உணர்ந்தேன். அதன் பின், வரப்பின் மூலையிலிருந்து நீளவாக்கில் எத்தனை அடி வைப்பது, குறுக்கே எத்தனை அடி வைப்பது என்ற இரண்டு எண்களையும் வீட்டிலேயே குலுக்கி எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். வரப்போரம் 2 மீட்டரை முற்றிலும் விட்டுவிட்டேன். அங்கே வளர்பவை வரப்பின் செடிகள், வயலின் செடிகள் அல்ல. ஒவ்வொரு துண்டிலும் 20 இடங்கள், விதைத்த 15, 30, 45, 60-ஆம் நாட்களில்.

எண்ணுவதிலும் ஒரு தெளிவு வேண்டும். சாரணையையும் பண்ணைக்கீரையையும் தனித்தனிச் செடியாக எண்ணிவிடலாம். கோரையில் மண்ணுக்கு மேலே தெரியும் பத்துத் தளிர்களும் கீழே ஒரே சங்கிலியாக இருக்கக்கூடும். ஆகவே அதைத் தளிர் எண்ணிக்கை என்றே குறித்தேன், செடி எண்ணிக்கை என்று குறிக்கவில்லை. அருகம்புல்லை எண்ணவே இயலாது. சட்டத்தின் பரப்பில் எத்தனை பங்கை அது மூடியிருக்கிறது என்பதை மட்டும் எழுதினேன். இதோடு, இருபது சட்டங்களில் எத்தனையில் அந்தக் களை தென்பட்டது என்பதையும் தனியே குறித்தது மிகவும் பயன்பட்டது. எள்ளுத் துண்டின் பருப்புக்கீரை ஏறக்குறைய எல்லாச் சட்டங்களிலும் இருந்தது. நிலக்கடலைத் துண்டின் கானாவாழையோ சில சட்டங்களில் திரண்டும் பிறவற்றில் அறவே இல்லாமலும் இருந்தது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு மறைந்திருக்கும். ஒன்று பரவலாக விதையுதிர்த்த களை. மற்றொன்று விழுந்த இடத்திலேயே வேரூன்றிப் பெருகிய களை.

நாற்றுப் பருவத்தில் இனங்காணல்

பூத்த பின் களையை அடையாளம் காண்பதில் பெரிய பயன் இல்லை, ஏனெனில் அதற்குள் போட்டி முடிந்துவிடுகிறது. இரண்டு விதையிலைகளும் முதல் இரண்டு இலைகளும் இருக்கும்போதே தெரிய வேண்டும். சாரணையில் எதிரெதிராக வரும் இரு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும். அந்த ஒரு குறியே போதும். பருப்புக்கீரைக்குச் சதைப்பற்றுள்ள சிறு விதையிலைகளும் சிவந்த தண்டும் உண்டு. குப்பைக்கீரையின் விதையிலைகள் குறுகி நீண்டவை. நாய்வேளை நாற்றைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். கோரையையும் புல்லையும் பிரிப்பதற்குத் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி: கோரைத் தண்டு மூன்று பட்டையாக நெருடும், புல் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்றைத் தொட்டியில் நட்டுப் பூக்கும்வரை வளர்த்து, நாற்றைப் பார்த்து வைத்த பெயர் சரிதானா என்று பின்னர் உறுதிப்படுத்திக்கொண்டேன். காக்காய்க்கால் புல்லையும் வேறொரு புல்லையும் நாற்றில் ஒன்றாக எண்ணியிருந்தது இப்படித்தான் தெரியவந்தது. அந்த இரண்டையும் இறுதிவரை ‘புல்’ என்று சேர்த்தே பதிவு செய்தேன்.

மண்ணுக்குள் உறங்கும் விதைகள்

மேலே நிற்பதை எண்ணுவது பாதி வேலைதான். ஒரு வயலின் களை என்பது பெரும்பாலும் மண்ணுக்குள் விதையாகவும் கிழங்காகவும் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கே ஒரு பருவத்தில் வெளியே வருகிறது. எனவே விதைப்பதற்கு முன்பே, முதல் உழவுக்கும் முன்பாக, இரண்டு துண்டுகளிலிருந்தும் மண் எடுத்து வைத்திருந்தேன்.

உள்விட்டம் 5 செ.மீ. உள்ள இரும்புக் குழாயின் ஒரு முனையைக் கூராக்கி, 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் வெளிப்புறம் கோடு இழுத்துக்கொண்டேன். ஒரு குத்துக்கு அது எடுக்கும் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர செ.மீ. ஆகவே 51 குத்துகள் எடுத்தால் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும்; தட்டில் முளைத்ததைப் பத்தால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. சிறிய விட்டத்தில் பல குத்துகள் எடுப்பது, பெரிய குழி நான்கைந்து எடுப்பதைவிட நல்லது. விதைகள் மண்ணில் சீராக இல்லை. ஒரு தாய்ச்செடி உதிர்த்த இடத்தில் நூற்றுக்கணக்கிலும், ஓர் அடி தள்ளி ஒன்றுகூட இல்லாமலும் இருக்கும். ஈரம் சரியாக இருக்கும் நாளில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்: காய்ந்திருந்தால் மண் குழாயிலிருந்து உதிர்ந்து ஆழங்கள் கலந்துவிடும், நனைந்திருந்தால் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு வராது.

மேல் 5 செ.மீ., நடு 5 செ.மீ., கீழ் 5 செ.மீ. என மூன்றாகப் பிரித்து, துண்டுக்கு மூன்று வீதம் ஆறு மண்குவியல்கள். ஒவ்வொன்றையும் கட்டியுடைத்து, கல்லையும் வேரையும் நீக்கி, மணல் பரப்பிய அகன்ற தட்டுகளில் 2 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாள்தோறும் பூவாளியால் நீர் தெளித்தேன். கனம் கூடினால் அடியில் இருக்கும் நுண்விதைகள் மேலே வர முடியாமல் எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுவிடும். முளைத்ததை இனங்கண்டதும் எண்ணிப் பிடுங்கிவிட வேண்டும். நாற்றுகள் வருவது நின்ற பிறகு, மண்ணைச் சில நாட்கள் காயவிட்டு, கிளறி, மீண்டும் நனைக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பிழை செய்தேன். வெறும் மணல் நிரப்பிய ஒரு காவல் தட்டையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வந்தது. வறுத்து ஆற்றிய மணலால் அப்படி ஒரு தட்டை அப்போது வைத்ததும், அதிலும் வெட்டுக்காயப்பூண்டு முளைத்தது. அதன் விதை குஞ்சத்தோடு காற்றில் மிதந்து வருவது. அதாவது, நான் மண்ணில் இருந்ததாக எழுதியவற்றில் சில வானத்திலிருந்து விழுந்தவை. அந்த இனத்தைக் கணக்கிலிருந்து முழுவதுமாக நீக்கினேன். தட்டுகளை மெல்லிய வலையால் மூடிய பின் அது நின்றது.

முடிவு எனக்கு வியப்பளித்தது. எள்ளுத் துண்டில் முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி மேல் 5 செ.மீ. மண்ணிலிருந்து வந்தது, கீழ் அடுக்குத் தட்டு பல நாட்கள் வெறுமையாகக் கிடந்தது. நிலக்கடலைத் துண்டிலோ மூன்று அடுக்குகளும் ஏறக்குறைய ஒரே அளவில் முளைத்தன. சிறிது யோசித்ததும் காரணம் புலப்பட்டது. எள்ளை அடியில் அறுத்து எடுக்கிறோம், மண் அசைவதில்லை. அடுத்த பருவத்துக்கும் ஆழமில்லாமல்தான் உழுகிறேன். நிலக்கடலையை வேரோடு பறிக்கிறோம், விடுபட்ட காய்களுக்காக மறுபடியும் கொத்துகிறோம். நிலக்கடலையின் அறுவடையே ஓர் ஆழ உழவு. அந்தப் பருவத்தில் உதிர்ந்த களைவிதையை அது கீழே புதைக்கிறது. எப்போதோ புதைந்ததை மேலே கொண்டுவருகிறது. களையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் விதைப்பையும் களையெடுப்பையும் மட்டுமே எண்ணிவந்த எனக்கு, அறுவடை நாள்தான் அடுத்த பருவத்துக் களையைத் தீர்மானிக்கும் முதன்மையான நாள் என்பது இந்த ஆறு தட்டுகளைப் பார்த்த பிறகே உறைத்தது.

புதைந்த விதை எத்தனை காலம் காத்திருக்கும் என்பதற்கு 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் தொடங்கிய சோதனை நல்ல சான்று. களைச்செடிகளின் விதைகளை, ஒவ்வோர் இனத்திலும் ஐம்பது வீதம், ஈரமணலோடு கலந்து 20 கண்ணாடிப் புட்டிகளில் இட்டு அவர் புதைத்தார். குறித்த ஆண்டு இடைவெளிகளில் ஒரு புட்டி வீதம் தோண்டி முளைக்கவைத்து வருகிறார்கள். 2021-இல், புதைத்து 142 ஆண்டுகளுக்குப் பின் எடுத்த புட்டியிலும் வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. எல்லாக் களைகளும் இத்தனை காலம் இருப்பதில்லை. பெரும்பாலான புல் விதைகள் சில ஆண்டுகளில் உயிரிழந்துவிடும். ஆனாலும், ஆழத்தில் அசையாமல் கிடக்கும் விதையை நாமே ஏன் எழுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் புட்டிகள் தெளிவான விடை தருகின்றன.

விதையை எழுப்புவது எது என்று பார்க்க, எள்ளுத் துண்டின் மேலடுக்கு மண்ணை இரண்டு தட்டுகளில் பரப்பி, ஒன்றைக் கறுப்புத் துணியால் இரட்டையாக மூடினேன். பத்து நாட்களுக்குப் பின் திறந்தபோது, வெளிச்சத்தில் இருந்த தட்டில் பருப்புக்கீரையும் குப்பைக்கீரையும் அடர்ந்திருக்க, மூடிய தட்டில் அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. நிலக்கடலைத் துண்டின் மண்ணில் இதையே செய்தபோது, கோரையும் கானாவாழையும் இருட்டிலும் வெளுத்த தளிர்களோடு வந்துவிட்டன. சேமிப்பு மிகுந்த கிழங்குக்கும் பெரிய விதைக்கும் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் தேவை இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பருப்புக்கீரை விதைக்கோ, ஆழத்தில் முளைத்தால் தரையை எட்டுமுன்பே சேமிப்பு தீர்ந்துவிடும். அதனால் வெளிச்சம் பட்ட பின்னரே அது முளைக்கிறது. விதையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அந்த வெளிச்சத்தை உணர்கிறது. மண்ணைக் கிளறும் நொடியில் படும் வெளிச்சமே பல இனங்களுக்குப் போதுமானது. எள்ளுக்காக மண்ணை மாவாக்கி, நீர் விட்டு, உடனே விதைக்கும்போது நாம் எள்ளோடு சேர்த்து இவற்றையும் அழைக்கிறோம். இதை அறிந்தபின், எள்ளுத் துண்டின் பாதியில் மண்ணைத் தயார்செய்து, நீர் விட்டு, பதினைந்து நாள் சும்மா விட்டு, முளைத்த களைகளை மேலோட்டமாகச் சுரண்டி அழித்துவிட்டு, மறுபடி உழாமல் விதைத்தேன். அந்தப் பாதியில் 15-ஆம் நாள் எண்ணிக்கை மற்றப் பாதியில் பாதிகூட இல்லை. இரண்டு வாரம் விதைப்பு தள்ளிப்போகும் என்பதுதான் இதற்கான விலை; மழையை மட்டும் நம்பிய நிலத்தில் எல்லா ஆண்டும் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

கோரையை முழுதாகத் தோண்டியது

நிலக்கடலைத் துண்டின் தொல்லையில் பெரும்பங்கு கோரையுடையது. ஒரு தளிரைத் தேர்ந்து, சுற்றிலும் அகலமாகத் தோண்டி, மண்கட்டியோடு வாளியில் ஊறவைத்து, நீரைப் பீய்ச்சிக் கழுவினேன். ஒரு தளிர் என்று நான் எண்ணியது, நூல் போன்ற கருத்த மட்டத்தண்டால் கோத்த கிழங்குச் சங்கிலியின் ஒரு முனை. பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருந்தன, அவற்றில் பல முளைவிடாமல் உறங்கிக்கொண்டிருந்தன.

சங்கிலி ஒன்றை அப்படியே ஒரு தொட்டியிலும், அதே நீளமுள்ள மற்றொன்றைக் கிழங்கு கிழங்காக நறுக்கி வேறொரு தொட்டியிலும் புதைத்தேன். முழுச் சங்கிலியில் முனைக்கிழங்கும் அதை அடுத்த ஒன்றும் மட்டுமே முளைத்தன. நறுக்கியதில் ஏறத்தாழ எல்லாமே முளைத்தன. முனையில் உள்ள கிழங்கு மற்றவற்றை அடக்கி வைத்திருக்கிறது, கண்ணி அறுந்ததும் அந்த அடக்கம் நீங்கிவிடுகிறது. 20-ஆம் நாள் கொத்தி, 35-ஆம் நாள் மீண்டும் கொத்தி, ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகக் கோரையைப் பார்த்த நிலக்கடலைக்காரர் எல்லோருக்கும் இது தெரிந்த காட்சிதான். நான் காரணத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். கோரை உலகின் மிக மோசமான களை என்று களையியலாளர்கள் 1970-களில் வரிசைப்படுத்தியதன் பொருள் அந்தத் தொட்டிகளில் தெரிந்தது.

அதன் பலவீனமும் கிழங்கில்தான் இருக்கிறது: அது உலர்ச்சியைத் தாங்காது. கழுவிய கிழங்குகளில் ஒரு பங்கை வெயிலிலும் மற்றொரு பங்கை நிழலில் ஈரச்சாக்குக்கு அடியிலும் பதினான்கு நாள் வைத்துப் பின் நட்டேன். வெயிலில் கிடந்தவை எதுவும் முளைக்கவில்லை. ஆகவே நிலக்கடலையைப் பறித்தவுடன் ஈரத்தோடு நிலத்தை மறுபடி உழுது மூடுவதை நிறுத்திவிட்டேன். பறித்தபோது மேலே வந்த கிழங்குகள் வெயிலில் கிடந்து சுருங்கட்டும். இரண்டாவது பலவீனம் நிழல். கோரையும் சாரணையும் பருப்புக்கீரையும் அருகம்புல்லும் கடும் வெயிலுக்கு ஏற்ற சி4 என்ற முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. வெப்பத்திலும் நேர்வெயிலிலும் வழக்கமான சி3 முறையில் ஒளிச்சேர்க்கை செய்யும் நிலக்கடலையையும் எள்ளையும் முந்திவிடும், நிழலில் அந்தச் சாதகத்தை இழந்துவிடும். நிலக்கடலை இலைப்போர்வை வரிசைகளுக்கு நடுவே கூடிய பிறகு முளைத்த கோரைத்தளிர்கள் மெலிந்தே நின்றன.

எப்போது எடுப்பது

போர்வை கூடும்வரை பயிரைக் காப்பாற்றினால் போதுமா என்பதை அறிய, நிலக்கடலைத் துண்டில் 3 மீட்டர் சதுரக் கட்டங்கள் ஏழு பிரித்தேன். இதே ஏழையும் வேறோர் இடத்தில் மறுபடியும் அமைத்தேன். ஒன்றில் களையே எடுக்கவில்லை. மூன்றில் 15, 30, 45-ஆம் நாள்வரை களையில்லாமல் வைத்துப் பின் விட்டுவிட்டேன். மற்ற மூன்றில் அதே நாட்கள்வரை களையை விட்டுவைத்து, அதன்பின் தொடர்ந்து எடுத்தேன். 45 நாள் சுத்தமாக இருந்த கட்டங்களில், பின்னால் வந்த களைகளால் பெரிய கேடு இல்லை. 30 நாள் களையோடு கிடந்து பின் சுத்தமான கட்டங்களில், செடிகள் ஒளிக்காக நீண்டு மெலிந்திருந்தன. அதற்குப் பின் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும், பூத்த பின் மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுதுகள் குறைவாகவே இறங்கின. 45 நாள்வரை களையோடு விட்ட கட்டங்களில் இன்னொரு சேதமும் இருந்தது: பண்ணைக்கீரையைப் பிடுங்கியபோது, அதன் வேரோடு பின்னிக்கொண்டு, மண்ணில் இறங்கியிருந்த நிலக்கடலை விழுதுகளும் வெளியே வந்தன. விழுது இறங்கத் தொடங்கிய பிறகு களையைப் பிடுங்கக் கூடாது, தரையோடு அறுக்கத்தான் வேண்டும் என்பதை அன்று குறிப்பேட்டில் பெரிதாக எழுதினேன்.

எள்ளில் இந்தக் காலம் இன்னும் முன்னதாகவே நெருக்கும். எள் நாற்று முதல் மூன்று வாரம் மிக மெதுவாக வளர்கிறது. அதே நாட்களில் சாரணை படர்ந்து பூத்துவிடுகிறது. 15-ஆம் நாள், நெருக்கமான நாற்றுகளை நீக்கிப் பயிர் கலைக்கும்போதே முதல் களையெடுப்பையும் முடிக்காவிட்டால், பின்னர் எள் எது, களை எது என்று பிரித்து எடுப்பதே கடினம். பிடுங்கிய பருப்புக்கீரையை அங்கேயே போட்டுவிட்டு வந்ததும் ஒரு பிழை. மறுநாள் பெய்த தூறலில் தண்டுத் துண்டுகள் கணுக்களில் வேர்விட்டு எழுந்தன. அதற்குப் பின் அதைக் கூடையில் சேர்த்து வெளியே கொண்டுபோனேன்.

மண்ணுக்குள் பூக்கும் கானாவாழை

நிலக்கடலையைப் போலவே மண்ணுக்குள் காய்க்கும் ஒரு களை அதே வயலில் இருக்கிறது என்பதை, செடியைத் தோண்டிப் பார்க்காதவர் அறியமாட்டார். கானாவாழையின் நீலப்பூ எல்லோரும் பார்த்தது. அதன் அடித்தண்டிலிருந்து வெளிறிய கிளைகள் மண்ணுக்குள் சென்று, திறக்காத மொட்டுகளைத் தாங்கி, அவற்றுக்குள்ளேயே தற்கருவுற்று, மேலே உள்ளவற்றைவிடப் பெரிய விதைகளைத் தருகின்றன. 60-ஆம் நாள் தோண்டிய ஐந்து செடிகளிலும் இவற்றைக் கண்டேன். நீலப்பூ தெரியும்போது எடுத்தால் போதும் என்று இருந்தால், அதற்குள் கீழே விதை ஊன்றி முடிந்திருக்கும். அறுத்த தண்டும் ஈரத்தில் வேர்விடும். சட்டங்களில் இது ஏன் திட்டுத்திட்டாகத் தென்பட்டது என்ற முந்தைய கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது: அதன் பெரிய விதைகள் தாய் நின்ற இடத்திலேயே புதைகின்றன. எனவே அந்தத் திட்டுகளில் முளைக்குச்சி அடித்து, மூன்று இலை தெரிந்த உடனே அங்கே மட்டும் தனியாகச் சென்று எடுப்பதே சரியான வழி என்று கருதுகிறேன். முழு வயலுக்கும் அந்த உழைப்பு தேவையில்லை.

களையை நாடி வருபவை

வயலோரத்தில் இருந்த பார்த்தீனியத்தை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. அது பயிரோடு போட்டியிடும் தொலைவில் இல்லை. ஆனால் களையின் தீங்கு போட்டியோடு முடிவதில்லை. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலைத் தண்டுகளைக் கருகச்செய்து பேரழிவை உண்டாக்கிய வைரஸ் நோயில், அந்த வைரஸ் நோய்க்குறி எதையும் காட்டாமல் பார்த்தீனியத்தில் தங்கியிருந்ததும், அதன் மகரந்தத்தோடு இலைப்பேன்கள் வழியாகப் பயிருக்குச் சென்றதும் தெரியவந்தன. சூரியகாந்தியைத் தாக்கியதும் அதே வைரஸ்தான். ஆகவே பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் அகற்றுவதில் எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை. அதே வரப்பில் நிற்கும் தும்பையை நான் தொடுவதில்லை. காலையில் அதில் தேனீக்கள் மொய்க்கின்றன. எள் பூக்கும் நாட்களில் அவை இங்கும் வருகின்றன. களை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

உதிர்ந்த விதைகளை யார் உண்கிறார்கள் என்பதையும் சோதித்தேன். உப்புத்தாள் துண்டுகளில் பசை தடவி, பண்ணைக்கீரை விதைகள் ஐம்பதை மெல்லென ஒட்டி, பசை தெரியாதவாறு மணலைத் தூவி, வயலில் தரைமட்டத்தில் பதித்தேன். பாதி அட்டைகளின் மேல் எலியும் பறவையும் நுழையாத கம்பிவலைக் கூண்டு வைத்தேன். மூன்றாம் நாளில் கூண்டுக்குள் இருந்த அட்டைகளிலும் பல விதைகள் இல்லை. எறும்புகள் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன. அறுத்த எள்ளுத் தாள் மூடிக்கிடந்த இடத்தில் விதைகள் வேகமாகக் குறைந்தன; வெட்டவெளியில் மெதுவாகவே குறைந்தன. இந்த உதவி விதை தரைமேல் கிடக்கும்வரை மட்டுமே கிடைக்கும். அறுவடை முடிந்த கையோடு உழுதால், எறும்புக்குச் சேரவேண்டியதை நாமே மண்ணுக்குள் பத்திரப்படுத்துகிறோம். எள்ளுத் துண்டின் மேலடுக்கில் மட்டும் விதை நிறைந்திருந்தும், மொத்த எண்ணிக்கை நிலக்கடலைத் துண்டைவிடக் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விதையோடு வருவது

விதைக்காக வைத்திருந்த எள்ளில் ஒரு கைப்பிடியை வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்த்தபோது, குப்பைக்கீரை, நாய்வேளை விதைகள் கிடந்தன. நுண்சல்லடையில் அவை எளிதாகக் கீழே போயின. சல்லடைக்குத் தப்புவது பயிர்விதையின் அளவையும் எடையையும் ஒத்த விதைதான். ஆளி வயல்களில் வளர்ந்த காமெலினா என்ற களை இதற்குப் புகழ்பெற்ற சான்று: தலைமுறை தலைமுறையாகத் தூற்றியபோது, ஆளி விதையோடு ஒரே தொலைவில் விழுந்த விதைகள் மட்டுமே மறுபடி விதைக்கப்பட்டு, தூற்றலில் ஆளியைப் போலவே பறந்து விழும் ஓர் இனமாகவே அது மாறிவிட்டது. இத்தகைய ஒப்புமையை விளக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ். கடுகில் பிரம்மதண்டு விதை கலப்பதும் அவ்வகையானது. 1998-இல் டெல்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் பலர் உயிரிழந்தனர். நிலக்கடலையில் விதைக் கலப்பு குறைவு, ஆனால் காய்களில் ஒட்டிய மண்ணோடு கோரைக்கிழங்கு மூட்டைக்குள் வந்துவிடுகிறது. விதைக்காய்களைக் கையால் பார்த்துப் பொறுக்கியபோது அப்படிச் சில கிடைத்தன. கலப்பையின் கொழுவில் ஒட்டிய மண்ணையும் துண்டு மாறும்போது இப்போது சுரண்டிவிடுகிறேன்.

அறுவடைக்குப் பின் இரண்டு துண்டுகளிலும் மறுபடியும் 51 குத்துகள் எடுத்து, வலையிட்ட தட்டுகளில், இந்த முறை காவல் தட்டோடு முதல் நாளிலிருந்தே வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை: நிழலும் வேரும் தரும் பயிரின் பங்கையும், பறிப்பும் கொத்தும் தரும் வேலையின் பங்கையும் இந்தப் பருவத்துக் கணக்கு பிரித்துக் காட்டவில்லை. அதனால் அடுத்த பருவத்தில் இரண்டு துண்டுகளையும் குறுக்கே பாதியாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் பழைய பயிரையும் மறு பாதியில் மற்றப் பயிரையும் விதைக்கப் போகிறேன். நடுக்கோட்டில் முளைக்குச்சிகளை அடித்துக் கயிறும் கட்டிவிட்டேன். எள் விதைக்கும் நிலக்கடலைப் பாதியில் ஆழமாக உழக் கூடாது என்று உழவு ஓட்டுபவரிடம் சொல்லியிருக்கிறேன்.